இல்லாத இரண்டு விரல்கள்

என் அப்பா வீரபாண்டிக்கு இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. மட்டாஞ்சேரியில் பழைய மரத்தில் மேசை நாற்காலி செய்யும் ஒரு பட்டறையில் அவருக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவை அந்த இரண்டு விரல்கள்தான். அவை கையில் இருந்தபோது அல்ல, போன பிறகு.

வைட்டிலாவில் என்னோடு வேலை பார்க்கும் மாளவிகாவிடம் இதை ஒருமுறை சொன்னேன். "அப்பாவ வெச்சு ஒரு வீடியோ எடுத்துப் போடு, நல்லா ஓடும்" என்றாள். கேலி செய்யவில்லை, உண்மையாகவே யோசனைதான் சொன்னாள். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதிப் பார்க்கலாம் என்று இப்போதுதான் தோன்றியது. எழுதினால் இதில் நான் எதை நம்புகிறேன் என்பதாவது எனக்குத் தெரியவரலாம்.

அப்பா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு எர்ணாகுளம் வந்தவர். கொத்தனாருக்குக் கையாளாக இருந்தார், பஜார் ரோட்டில் மூட்டை தூக்கினார், கடைசியில் ரோஹன் பாயின் பட்டறையில் ஒதுங்கினார். ரோஹன் பாயின் குடும்பம் பல தலைமுறைகளுக்கு முன்பே குஜராத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் தங்கிவிட்டது. பட்டறை இருக்கும் இடம் அவர்களுடைய பழைய சுக்குக் கிடங்கு. மழை பெய்தால் இன்றும் அதன் சுவர்களிலிருந்து சுக்கு வாசனை வரும். அப்பாவின் சட்டையில் அந்த வாசனையும் மரத்தூள் வாசனையும் கலந்திருக்கும். அம்மா எவ்வளவு தேய்த்துத் துவைத்தாலும் போகாது.

அங்கே புது மரம் வராது. இடித்த வீடுகளின் உத்தரங்கள், கதவு நிலைகள், படகுப் பலகைகள்தான் வரும். அவற்றை அறுத்துச் சாமான் செய்து ஹோட்டல்களுக்கு விற்பார்கள். சிறுமியாக இருந்தபோது அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போவேன். அடுக்கி வைத்த மரங்களுக்கு நடுவே நடக்க எனக்குப் பயமாக இருக்கும். ஒரு கதவு நிலையில் ஒரு குழந்தை வளர வளர உயரம் குறித்த கோடுகள் இருந்தன. ஓர் உத்தரத்தில் தொட்டில் கட்டிய கயிறு அறுத்த தடம் இருந்தது. யாரோ வாழ்ந்த வீட்டைத் துண்டு துண்டாக நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். பேச்சுச் சத்தம் மட்டும்தான் குறைவு.

பழைய மரத்தில் பயப்பட வேண்டியது ஆணிக்கு. தலை உடைந்து உள்ளேயே தங்கிவிட்ட ஆணி வெளியே தெரியாது. ரம்ப மெஷினில் மரத்தைக் கொடுக்கும்போது, சுற்றிக்கொண்டிருக்கும் பல் அந்த ஆணியில் இடித்தால் மரம் அப்படியே ஆளை நோக்கித் துள்ளும். அதனால் மரத்தை முதலில் சுரண்டிப் பார்க்க வேண்டும், காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையை அம்மிணிச் சேச்சி செய்துகொண்டிருந்தார். அப்பா மெஷினில் நின்றார்.

அன்றைக்கு ஓர் ஆணி அம்மிணிச் சேச்சியின் கண்ணுக்குத் தப்பிவிட்டது. மரம் துள்ளியது. மரம் துள்ளியதால் மட்டும் விரல் போகவில்லை. மரச் சிம்பு குத்தாமலிருக்க அப்பா துணி கிளவுஸ் போட்டிருந்தார். துள்ளிய மரம் கையை ரம்பத்தின் பக்கம் தள்ள, கிளவுஸின் துணியை ரம்பம் கவ்வி இழுத்தது. வெறும் கையாக இருந்திருந்தால் தோல் கிழிந்ததோடு போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ரம்பத்தின் மேலே இருக்க வேண்டிய இரும்பு மூடியும் இல்லை. பருத்த உத்தரங்கள் அதற்கு அடியில் நுழையாது என்று எப்போதோ கழற்றி மூலையில் வைத்திருந்தார்கள்.

அம்மிணிச் சேச்சிதான் மரத்தூளில் கையை விட்டுத் தேடியவர். "விரலு எவிடெ? அய்யோ, ஒரு விரலேயுள்ளூ, மற்றது எவிடெ?" என்று கத்திக்கொண்டே தேடியதாகச் சொல்வார்கள். கிடைத்த ஒன்றை மீன்காரரிடம் ஐஸ் வாங்கிப் பொதிந்து கொண்டுபோனார். அதுவும் ஒட்டவில்லை. இன்னொன்று கிடைக்கவேயில்லை. பட்டறை மரத்தூளைக் கோழிப் பண்ணைக்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப்போய்ப் பண்ணைத் தரையில் பரப்புவார்கள். அந்த வருடம் முழுவதும் எங்கள் வீட்டில் கோழி வாங்கவில்லை. ஏன் என்று யாரும் பேசிக்கொள்ளவும் இல்லை.

காயம் ஆறிய பிறகுதான் அந்த விரல்கள் வந்தன. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இடது கையை உதறினார்.

"எறும்பு ஏறுது" என்றார்.

"எங்கப்பா?"

"நடுவிரல்ல."

நானும் அம்மாவும் அந்த இடத்தைப் பார்த்தோம். அங்கே காற்றுதான் இருந்தது.

இது பலருக்கும் வருவதுதான் என்றார் டாக்டர். விரல் போன சேதி மூளைக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும் என்றார். நான் இயற்பியல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். டாக்டர் சொன்னதை அம்மாவுக்கு நான்தான் விளக்கினேன். அம்மா கேட்டுவிட்டு, "அப்ப எறும்பு யார் மேல ஏறுச்சு?" என்றாள்.

அப்பா மறுபடி பட்டறைக்குப் போனபோது மெஷினில் விக்கி நின்றான். விக்கி என் அத்தை மகன். ஊரில் சும்மா சுற்றுகிறான் என்று மீனாக்ஷி அத்தை அவனை எங்களிடம் அனுப்பி வைத்திருந்தாள். பாலிஷ் வேலையில் இருந்தவனை, ஆள் இல்லை என்று ரோஹன் பாய் மெஷினுக்கு மாற்றிவிட்டார். விஷயம் தெரிந்ததும் அத்தை போனில் அழுதாள். ஸ்பீக்கரில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணே, ஒன் வெரல முழுங்குன மெஷின்லயே எம் பிள்ளைய நிறுத்தியிருக்கியே. அவன் கைக்கு ஒண்ணுன்னா நீதான் எனக்குப் பதில் சொல்லணும்."

"சொல்றேன். ஒண்ணும் ஆகாது" என்றார் அப்பா.

மூன்று சொல்தான். ஆனால் அப்பா அதை ஒரு சத்தியமாகவே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பட்டறையில் அவர் மரம் அடுக்கினாலும் தூள் அள்ளினாலும் கண் விக்கியின் கைகளிலேயே இருக்கும் என்று அம்மிணிச் சேச்சி சொல்வார்.

அப்படியொரு நாளில் விக்கி ஒரு பலாப் பலகையை மெஷினுக்குக் கொடுக்கப் போனான். பலகையின் மறுமுனையைத் தாங்கிப் பிடித்திருந்த அப்பா கையைச் சுட்டுக்கொண்டவர்போல் இழுத்தார்.

"நிறுத்துடா மாப்ள. உள்ள ஆணி இருக்கு."

"சேச்சி பாத்தாச்சு மாமா."

"இருக்குடா. பல்லுல ஐஸ் வச்ச மாதிரி இருக்கு. இந்தா, இந்த எடத்துல."

"எங்க மாமா, அந்த எடத்துல ஒங்களுக்கு வெரலே இல்லயே" என்று விக்கி சிரித்தான்.

உளியால் கொத்திப் பார்த்தார்கள். மரம் கறுத்து, உள்ளே ஒரு மொட்டை ஆணி இருந்தது.

மறு வாரம் இன்னொன்றைச் சொன்னார். பிறகு ஒரு படகுப் பலகையில் மூன்று இடம் சொன்னார், மூன்றும் சரி. அதன் பிறகு பட்டறையின் வேலை முறையே மாறிவிட்டது. ஒவ்வொரு மரத்தின் மேலும் அப்பா இடது கையைத் தடவிக்கொண்டு நடப்பார். எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். விரல் இல்லாத அந்த இடைவெளி மரத்துக்கு மேலே ஊர்ந்துபோகும். எங்காவது நின்றால் அங்கே சாக்பீஸ் கோடு. நிற்கவில்லை என்றால், "ஒண்ணுமில்ல, வெட்டு" என்பார். விக்கி வெட்டுவான்.

ரோஹன் பாய் அம்மிணிச் சேச்சியை மெருகு போடும் வேலைக்கு மாற்றினார். காந்தம் எங்கேயோ போயிற்று. மூலையில் கிடந்த இரும்பு மூடியை யாரும் மாட்டவில்லை. விக்கியும் துணி கிளவுஸ் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தான். பழியை எல்லாரும் ஆணியின் மேல் போட்டுவிட்டார்கள். ஆணியைக் கண்டுபிடிக்க ஆள் இருக்கும்போது வேறெதற்குப் பயப்பட வேண்டும்?

நான் எனக்குள் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். இத்தனை வருடம் மரத்தையே பார்த்த கண்கள் லேசான கறுப்பையும் மேட்டையும் அப்பாவுக்கே தெரியாமல் பார்த்துவிடுகின்றன. அந்தச் சேதியை மூளை அந்த விரல்களின் வலியாகக் காட்டுகிறது. நல்ல விளக்கம்தான். ஆனால் ஒருநாள் பட்டறைக்குப் போயிருந்தபோது, அவர் கையைத் தடவும் நேரமெல்லாம் கண்களை மூடியிருந்ததைப் பார்த்தேன். அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. தேடவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்தேனா, பயந்தேனா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஓணம் முடிந்த ஒரு காலையில் அப்பா பல் துலக்கிவிட்டு வந்து, இடது கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அமுதா, இங்க வா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். "போயிருச்சு."

"என்னதுப்பா?"

"வெரலு. ராத்திரி படுக்கறப்ப இருந்துச்சு. இப்ப இல்ல."

"டாக்டர் சொன்னாருல்ல, போயிரும்னு. நல்லதுதானே, வலியும் போகும்."

"நல்லதுதான். ஆனா அங்க நான் விக்கிக்கு என்னத்தச் சொல்றது?"

"உண்மையச் சொல்லுங்க."

"சொன்னா ரோஹன் பாய் பழையபடி சேச்சிய வச்சுப் பாக்கச் சொல்வாரு. சேச்சிக்கு ஒருதடவ தப்புனது மறுபடி தப்பாதா? என்னைய பாலிஷுக்குத் தள்ளிட்டா, மெஷின் பக்கத்துல நின்னு அந்தப் பய கையப் பாக்க எனக்கு என்ன காரணம் இருக்கு?"

அதில் பயமும் இருந்தது, கொஞ்சம் கௌரவமும் இருந்தது என்று நினைக்கிறேன். எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றி, துணியில் முடிந்து அவரிடம் கொடுத்தேன். பட்டறைச் சாவி அவரிடம்தான் இருந்தது. மற்றவர்கள் வருவதற்கு முன்பே விடியற்காலையில் போய் அன்றைக்கு வெட்டப்போகும் மரங்களை அவரே பார்ப்பார். அரை இருட்டில் நூல் லேசாக ஆடுவது அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதால் அலுவலகம் போகுமுன் நானும் உடன் போவேன்.

அந்த விடியற்காலைகள் எனக்கு இன்னும் கனவில் வருகின்றன. காயல் பக்கமிருந்து சேற்று வாசனை வரும். ரம்ப மேசை மேல் ஒரு சாக்கு போர்த்தியிருக்கும். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் அதன் காலில் காய்ந்திருக்கும். நான் காந்தத்தை நூலில் தொங்கவிட்டு மரத்தின் மேல் மெதுவாகக் கொண்டுபோவேன். ஆணி இருக்கும் இடத்தில், யாரோ மரத்துக்கு உள்ளேயிருந்து நூலைப் பிடித்து இழுப்பது போல் அது வளையும். இரும்பு, காந்தம், விசை, எல்லாம் நான் தேர்வில் எழுதியதுதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்கு முதுகு கூசும். அப்பா அந்த இடத்தைச் சாண் போட்டு அளந்து மனதில் வைத்துக்கொள்வார். பிறகு எல்லாரும் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தடவி, சரியாக அங்கே வந்து நிற்பார். முகத்தைக்கூடச் சுளிப்பார்.

"நல்லா நடிக்கிறீங்கப்பா" என்று ஒருநாள் சொன்னேன்.

"நடிக்கிறப்ப ஒரு மாதிரியா இருக்கும்மா. செத்தவன் பேருல கையெழுத்துப் போடுற மாதிரி" என்றார்.

இப்படியே மழைக்காலம் முடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காந்தம் ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை. இதுவே நல்ல ஏற்பாடு என்று நானும் நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. திருப்பூணித்துறையில் இடித்த ஒரு வீட்டின் பெரிய உத்தரம் வந்திருந்தது. ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசைக்கு அதைத்தான் அறுக்க வேண்டும். விடியற்காலையில் நானும் அப்பாவும் அதை நான்கு பக்கமும் காந்தம் வைத்துப் பார்த்தோம். நூல் ஆடவேயில்லை. சுத்தமான மரம். மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு மறுபடி போனபோது உத்தரத்தை மேசைமேல் ஏற்றிவிட்டிருந்தார்கள். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே நின்ற விக்கி, கிளவுஸ் போட்ட இடது கையை உத்தரத்தின் மேல் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"சீக்கிரம் தடவுங்க மாமா, உத்தரம் கூசிச் சிரிச்சிரப் போவுது" என்றான்.

அப்பா கண்ணை மூடித் தடவிக்கொண்டே வந்தார். எங்கும் நிற்காது என்று எனக்குத் தெரியும். கை விக்கியின் கைக்கு அருகே வந்தது. கிளவுஸின் மேல் பட்டது. அப்பா கண்ணைத் திறந்தார். அந்த முகத்தை நான் முன்பு பார்த்திருக்கிறேன், ஆனால் சமீபத்தில் பார்க்கவில்லை. அது அவர் நடிக்கும்போது வைத்துக்கொள்ளும் முகம் அல்ல.

"மெஷின ஆஃப் பண்ணு."

விக்கி ஆஃப் செய்தான். ரம்பம் முனகிக்கொண்டே நின்றது.

"ஆணியா மாமா?"

"ஆணி இல்ல. நீ கைய எடு."

விக்கி கையை எடுத்தான். அந்த இடத்தில் மரத்தை அப்பா தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு விக்கியின் கையைப் பிடித்தார். 

"இதுலதான் இருக்கு" என்றார்.

 அம்மிணிச் சேச்சி, "ஈஸ்வரா, இது எந்தா?" என்று மெருகுத் துணியை வாயில் வைத்துக்கொண்டார்.

விக்கிதான் முதலில் சிரித்தான். "என்ன மாமா, எங்கைக்குள்ள ஆணி அடிச்சிருக்கா? ஊர்ல எங்காத்தா அடிச்சுவிட்டதா?"

சத்தம் கேட்டு ரோஹன் பாய் உள்ளேயிருந்து வந்தார். "எந்தா, என்ன ஆச்சு? ஹோட்டல்காரர் திங்களாழ்ச்ச வரும். மரம் க்ளீன் அல்லே, வீரபாண்டி?"

"க்ளீன்தான் பாய். மரத்துல ஒண்ணுமில்ல. இவன் வெட்ட வேணாம்."

"மரம் க்ளீன்னா வெட்டணும். ஒனக்கு மரம் க்ளீன்னு உறப்பாத் தெரியுமா?"

"தெரியும். காலையிலதான் காந்தம் வச்சுப் பாத்தேன்."

சொன்ன பிறகுதான் அப்பாவுக்கு உறைத்தது. எனக்கு அவர் சொல்லும்போதே உறைத்தது, ஆனால் தடுக்க என்ன வழி?

"காந்தமா?" என்றார் ரோஹன் பாய். "அப்போ வெரலு?"

அப்பா பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அப்போது அதற்கு நேரமில்லை என்று நினைக்கிறேன். விக்கியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டே, ஓணத்திலிருந்து விரல் இல்லை என்பதையும், விடியற்காலையில் வந்து காந்தம் வைத்ததையும், எல்லார் முன்னாலும் சும்மா தடவியதையும் சொல்லிவிட்டார். "ஆனா இப்ப வந்திருக்கு பாய். இப்ப நெசமா வந்திருக்கு."

அவரை எல்லாரும் நம்பியாக வேண்டிய நேரத்தில், அவரை நம்ப வேண்டாம் என்பதற்கான காரணத்தையும் அவரே கொடுத்துவிட்டார்.

விக்கி கையை உருவிக்கொண்டான். அவன் முகம் சிவந்திருந்தது. "அப்ப இத்தன நாளா நான் எத நம்பி மெஷின்ல கைய வச்சேன்? நீங்க போட்ட கூத்தயா?"

"ஆணி இல்லாம பாத்துத்தானடா ஒனக்குக் குடுத்தேன்."

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? நான் என்ன சின்னப் புள்ளயா? இன்னைக்கு எங்கைல இருக்குங்கறீங்க. நாளைக்குக் கழுத்துல இருக்கும்பீங்க. தள்ளுங்க."

அவன் பச்சைப் பொத்தானுக்குக் கையை நீட்டினான். அப்பா அவனைத் தள்ளவில்லை, கத்தவில்லை. உத்தரத்தின் மேல் கையை ஊன்றி, ரம்ப மேசைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். நின்றுபோன ரம்பத்தின் பற்கள் அவர் முழங்காலை ஒட்டி இருந்தன.

"இப்ப போடு" என்றார்.

 விக்கியின் கை பொத்தானுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆளைப் பார்ப்பது போல் இல்லை. தண்ணீருக்குள் முழுகிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கரையிலிருந்து பார்ப்பது போல் இருந்தது. அதைப் பார்த்து விக்கிக்கும் ஏதோ ஆகியிருக்க வேண்டும். கிளவுஸைக் கழற்றித் தரையில் அடித்துவிட்டு வெளியே போனான்.

அந்தக் கிளவுஸை நான் எடுத்துப் பார்த்தேன். இடது கை விரல் நுனி கிழிந்து நீளமாக நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடும் ரம்பத்தில் அந்த நூல் பட்டிருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவின் கண் அதைத்தான் பார்த்திருக்குமோ? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். பிறகு சுவரில் மாட்டியிருந்த மற்ற கிளவுஸ்களையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நூல் தொங்கியது.

வேறொரு பட்டறையில் மெஷின் வேலைக்குச் சேரப்போவதாக விக்கி சொன்னான். அப்பா அன்றே அத்தைக்குப் போன் செய்தார். "மீனா, இவன இங்கேயிருந்து கூப்பிட்டுக்க. காரணம் கேக்காத. நீதானே என்னையப் பதில் சொல்லணும்னு சொன்ன. இதான் பதில்." அத்தை காரணம் கேட்கவில்லை. தனக்கு நெஞ்சு வலிக்கிறது என்று விக்கியிடம் பொய் சொல்லி, உடனே வரச்சொன்னாள்.

வைட்டிலாவில் அவனை பஸ் ஏற்ற நானும் அப்பாவும் போனோம். அவன் வழியெல்லாம் அப்பாவோடு பேசவில்லை. பஸ் உறுமத் தொடங்கியதும் ஜன்னல் வழியாக இடது கையை வெளியே நீட்டினான். வெறும் கை.

"புடிச்சுப் பாருங்க மாமா. இன்னும் இருக்கா?"

கேலிதான். ஆனால் கேட்டுவிட்டு அவன் சிரிக்கவில்லை. அப்பா கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு தன் இடது கையால் அந்தக் கையைப் பிடித்தார். விக்கி அவர் முகத்தையே பார்த்தான். நானும் பார்த்தேன். அப்பா சிரித்தார்.

"ஒரு மயிரும் இல்ல, மாப்ள. போயிட்டு வா."

விக்கியின் தோள்கள் தளர்ந்தன. அவன் இத்தனை பயந்திருந்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பஸ் நகர்ந்தது. அவன் கை ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டே போனது. நடுவே இன்னொரு பஸ் வந்து மறைத்துக்கொண்டது.

அப்பா இடது கையை அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"இருந்துச்சாப்பா?" என்று கேட்டேன்.

"கைய உள்ள இழுத்துக்கிட்டானா? நீ பாத்தியா?"

"பாத்தேன். இழுத்துக்கிட்டான்" என்றேன். நான் பார்க்கவில்லை.

அவர் என்னை நம்பவில்லை. போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் விக்கி எடுத்தான். "கைய உள்ள வச்சிருக்கியாடா?" என்று அப்பா கத்தினார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் விக்கி சிரித்தது எனக்கே கேட்டது.

ரோஹன் பாய் இரும்பு மூடியை மெஷினில் மாட்டிவிட்டார், கிளவுஸ் கூடாது என்று சொல்லிவிட்டார், சுரண்டிப் பார்க்க அம்மிணிச் சேச்சியைத் திரும்ப அழைத்துக்கொண்டார். அப்பா பாலிஷ் போடுகிறார். அவர் இடது கையால் எதையாவது நீட்டினால் பட்டறையில் ஆட்கள் அதன் மறுமுனையைப் பார்த்து, விரல் படாமல் வாங்கிக்கொள்கிறார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். இப்போது கேலி செய்யாமலே அப்படி வாங்குகிறார்கள்.

விக்கி உசிலம்பட்டியில் ஒரு போன் கடையில் இருக்கிறான். அங்கே திருகாணியைவிடக் கூர்மையாக ஒன்றும் கிடையாது. அவன் கைக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனதால் அப்பா சொன்னது பொய்யா, அவர் மேசைமேல் ஏறி உட்கார்ந்ததால் ஆகாமல் போனதா? நான் எவ்வளவு யோசித்தாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. நடக்காத ஒன்றைச் சோதித்துப் பார்க்க நான் படித்ததில் வழி இல்லை.

மாலையில் வேலை விட்டு வந்ததும் அப்பா அவனுக்குப் போன் செய்வார். வலது கையால் போனைக் காதில் வைத்திருப்பார். இடது கையில் மீதமிருக்கும் விரல்களை மூடி, மடியில் இறுக்கி வைத்திருப்பார். விக்கி இப்போது அவர் கேட்கும் வரை காத்திருப்பதில்லை. "பத்தும் இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு. அதைக் கேட்ட பிறகு அந்தக் கை மெதுவாகத் திறக்கும்.